மண் கூடையும் நாற்பத்தெட்டு நாளும்

நான் ரோட்டு மேஸ்திரியாக இருந்த காலத்தில் என் பொறுப்பில் இரண்டரை மைல் ரோடு இருந்தது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகிற கடலோர ரோட்டில் ஒரு துண்டு. இரண்டரை மைல் என்பது காகிதத்தில். ஐப்பசி மழைக்கு முன்னால் அளந்தால் இரண்டரை இருக்கும்; கார்த்திகையில் அளந்தால் இரண்டேகால், சில வருஷம் இரண்டு. மிச்சம் கடலுக்குள் இருக்கும். அதை மீட்டு மறுபடியும் ரோடாக்குவது என் உத்தியோகம். இலாகாவில் இதற்குப் பெயர் பழுது பார்த்தல். எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

கடல் ரோட்டை ஒரேயடியாக அடித்துக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. முதலில் கீழே இருக்கிற மணலை உருவும். மேலே தார் அப்படியே இருக்கும். பார்த்தால் நல்ல ரோடு. காலையில் அதன்மேல் ஒரு மாட்டு வண்டி போகும், ஒன்றும் ஆகாது. மத்தியானம் ஒரு நாய் போகும், ரோடு பொதுக்கென்று சரிந்து விழும். நாய் தப்பித்துவிடும். நாங்கள்தான் மாட்டிக்கொள்வோம்.

நான் சொல்கிற வருஷம், சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், கார்த்திகை பிறந்தபோது ஒரு மீன்பிடிக் குப்பத்துக்கு நேர் எதிரே ரோடு நூறு அடிக்கு மேல் சரிந்துவிட்டது. மேற்கே உப்பளம், கிழக்கே கடல், நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு மட்டும் தரை. எண்ணூர் பஸ் இந்தப் பக்கமே நின்று ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. இருபது ஆட்களோடு என்னை அங்கே போட்டார்கள். சவுக்குக் கம்புகளை வரிசையாக அடிப்பது, அதற்குப் பின்னால் கருங்கல்லைக் கொட்டுவது, மேலே கிராவல், அதற்கு மேலே சல்லி, தார். கடைசியில் ரோலர் வந்து ஓட்டும். ரோலர் வருவதற்குள் கடல் வந்துவிட்டால் மறுபடியும் சவுக்குக் கம்பு.

வேலை நடக்கிற இடம் என்று தெரிய இரண்டு முனையிலும் கம்பம் நட்டு சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். கட்டினேன். மறுநாள் காலையில் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இது எந்த யூனியன் என்று கேட்டார். அந்தக் காலத்தில் சிவப்புக் கொடி என்றால் போலீஸுக்குக் கம்யூனிஸ்டு என்றுதான் அர்த்தம். யூனியன் இல்லை, ரோடு என்றேன். ரோட்டில் எந்த யூனியன் என்றார். அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து போன தொழிற்சாலை ஆட்கள் நாலைந்து பேர் கொடியைப் பார்த்து நின்று, எப்போதிலிருந்து ஸ்டிரைக் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஹெட் கான்ஸ்டபிள் மறுநாளும் வந்தார். ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டு, சிவப்பு வேண்டாம், வேறு எதையாவது கட்டித் தொலை என்றார்.

வேறு எது? எங்களிடம் இருந்தது மண் கூடையும் தாரும். நான்கு பழைய கூடைகளை எடுத்து, இரண்டிரண்டாக வாயோடு வாய் வைத்துக் கட்டி, தாரில் முக்கி, தெற்கு முனையில் ஒன்றும் வடக்கு முனையில் ஒன்றுமாக உயரக் கம்பத்தில் ஏற்றினேன். இருபதடி உயரம். அரை மைலுக்கு அப்பாலிருந்து பஸ் டிரைவருக்குத் தெரியும். யாரும் யூனியன் என்று கேட்க முடியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தெற்குக் கம்பத்தின் அடியில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. தேங்காய் உடைத்த மூடி கிடந்தது. கற்பூரம் எரிந்த கறை. எங்கள் ஆட்களில் எந்தப் பொம்பளையோ வேலை நல்லபடி முடிய வேண்டும் என்று வைத்திருப்பாள் என நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்று கடலில் ஒரு கட்டுமரம் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. எனக்குக் கடலைப் பார்த்தால் ரோடுதான் ஞாபகம் வரும்.

இரண்டாம் நாளும் கட்டுமரங்கள் எல்லாம் மணலிலேயே கிடந்தன. கடலோ, குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. குப்பத்து ஆண்கள் நிழலில் உட்கார்ந்து ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்கப் போன எங்கள் ஆள் ஒருத்தன் திரும்பி வந்து சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான். குப்பத்துக்குக் கூண்டு வந்துவிட்டதாம். யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று நாட்டார் உத்தரவு போட்டிருக்கிறாராம்.

நாட்டார் என்றால் அந்தக் குப்பத்தின் தலைவர். கூண்டு என்றால் புயல் கூண்டு. புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் கம்பத்தில் கறுப்புக் கூண்டு ஏற்றுவார்கள். ராயபுரத்துக்காரர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு அது தெரியாது. யாராவது ஓடி வந்து சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்துக்கும் ஒரு கூண்டுக் கம்பம் வேண்டும் என்று நாட்டார் பத்து வருஷமாக மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் இருந்தபோது போட்டார், அவன் போன பிறகும் போட்டார். இப்போது விடிந்து பார்த்தால், குப்பத்துக்கு எதிரிலேயே கம்பம், அதன் மேலே கறுப்பாகக் கூண்டு. அதுவும் ஒன்றில்லை, இரண்டு. இரண்டு கூண்டு ஏற்றினால் எப்பேர்ப்பட்ட புயல் வரப்போகிறது என்று அவருக்கு நடுக்கமே வந்துவிட்டதாம். அவர்தான் தேங்காய் உடைத்தது.

நான் ஓவர்சியரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். நாளை மறுநாள் காலையில் விடியும் முன் கூடையை இறக்கிவிடு, புயல் போய்விட்டது என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள், நீ வாயைத் திறந்தாயோ உன் வேலை காலி, என் வேலையும் காலி என்றார். ஏன் நாளைக்கே இறக்கக் கூடாது என்று கேட்டேன். இரண்டு நாளில் போகிற புயலை யார் நம்புவார்கள் என்றார். அவருக்குப் புயல் விஷயத்தில் இவ்வளவு ஞானம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் ஒருத்தன் கடலுக்குப் போனான். நாட்டாருடைய சொந்த மருமகன். இருபத்தைந்து வயது இருக்கும். குப்பத்தில் எல்லாரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே நானும் அப்படியே சொல்கிறேன். விடியற்காலையில் துணைக்கு ஒரு பையனைக்கூட அழைக்காமல் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். ஊரே மூன்று நாளாகக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பத்து மணிக்கு வஞ்சிரமும் வவ்வால் மீனுமாக அள்ளிக்கொண்டு வந்து கரையில் இறங்கினான். ஒருத்தரும் அவனிடம் பேசவில்லை. மீனைத் தொடவும் இல்லை.

சாயங்காலம் அம்மன் கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. நான் வேலையை முடித்துவிட்டு அங்கே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். கூண்டு ஏறியிருக்கும்போது, நாட்டார் வேண்டாம் என்ற பிறகு கடலுக்குப் போனது குற்றம். மருமகன் என்பதால் தண்டனை கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது என்று நாட்டாரே சொன்னார். நாற்பத்தெட்டு நாள் கடலில் கால் வைக்கக் கூடாது. கால் என்றால் கால். ஓர் அலை வந்து பாதத்தை நனைத்தாலும் அன்றிலிருந்து மறுபடியும் ஒன்று என்று எண்ண வேண்டும். மாப்பிள்ளை தலை குனிந்து சரி என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். என் வீட்டில் என் உத்தியோகத்தை நம்பி நான்கு வயிறு இருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வண்ணாரப்பேட்டை வீடு வரைக்கும் மிதித்தது ஞாபகமில்லை.

நாலாம் நாள் கூடைகளை இறக்கினேன். புயல் வேறு பக்கம் போய்விட்டதாக முடிவு செய்து குப்பம் முழுக்கக் கடலுக்குப் போனது. ஓவர்சியர் சொன்னபடியே நடந்தது. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை என் எதிரே வந்து நின்று வேலை கேட்டான்.

நான் உடனே சேர்த்துக்கொண்டேன். அவனுக்கே ஆச்சரியம். அவனுடைய கணக்கு என்னவென்று அன்றே சொன்னான். நாற்பத்தெட்டு நாள் முடிந்த மூன்றாம் நாள் தைப்பூசம். அன்றைக்குத்தான் குப்பத்தில் பெரிய வலைக்கு ஆள் சேர்த்துப் பங்கு பிரிப்பார்கள். அன்று கடலில் இறங்க முடிகிறவனுக்குத்தான் பங்கு. தடையில் இருக்கிறவனுக்கு அந்த வருஷம் முழுக்க வலையில் இடம் கிடையாது. கட்டுமரத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். ஆகவே அவன் கால் நனையாமல் நாற்பத்தெட்டு நாள் ஓட்ட வேண்டும். அதற்கு அவன் தேர்ந்தெடுத்த வேலை, கடல் தின்றுகொண்டிருக்கிற ரோட்டைப் பழுது பார்ப்பது. வேறு யாரும் அவனுக்கு வேலை தரவில்லை.

அவன் வேலை செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பு அடிக்கும்போது ஒரு கண் கம்பின்மேல், ஒரு கண் அலையின்மேல். மற்றவர்களுக்கு அலை வந்த பிறகுதான் தெரியும். அவனுக்கு மூன்று அலைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். சம்மட்டியை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறி நிற்பான். அலை வந்து, நாங்கள் இருபது பேரும் இடுப்பு வரை நனைந்து, அலை திரும்பிய பிறகு இறங்கி வந்து விட்ட இடத்திலிருந்து அடிப்பான். கொஞ்ச நாளில் எங்கள் ஆட்கள் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை ஏறினால் எல்லாரும் ஏறுவார்கள். என் உத்தியோகத்தில் ஆட்கள் சளி பிடிக்காமல் வேலை செய்த ஒரே மழைக்காலம் அதுதான்.

அவன் பெண்சாதி மத்தியானம் சோறு கொண்டுவருவாள். நாட்டாரின் மகள்தானே, அப்பா மாதிரியே முகம். அவன் சாப்பிடும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள், பாதத்தைப் பார்ப்பாள். மடியில் ஒரு வலைக் கயிறு வைத்திருந்தாள். நாளுக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் ரோடு ரோலர் வருகிறதா என்று தெற்கே பார்ப்பேன்.

நாங்கள் கொட்டிய கருங்கல்லைக் கடல் உருட்டிக்கொண்டு போவதை அவன் ஒரு வாரம் பார்த்தான். பிறகு குப்பத்திலிருந்து நைந்த பழைய தேங்காய் நார் வலையைக் கொண்டுவந்து, அதில் கல்லை அள்ளிப் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, மூட்டை மூட்டையாக இறக்கச் சொன்னான். ஒற்றைக் கல்லை உருட்டிய கடலால் மூட்டையை அசைக்க முடியவில்லை. ஓவர்சியர் வந்து பார்த்து, இது தன் யோசனை என்று மேலே எழுதிப் போட்டார். மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

நாற்பத்தாறாம் நாள் வந்தது. ரோடும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நடுவில் இருபது அடிதான் பாக்கி. மத்தியானச் சோற்று வேளை. ஆட்கள் மேற்கே சவுக்கு நிழலில் இருந்தார்கள். நான் கடைசி மூட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கிழக்கு விளிம்பில் போய் நின்றேன். முப்பது வருஷ அனுபவம் உள்ள மேஸ்திரி இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டான். எனக்கு ஏழு வருஷம்தான். காலுக்குக் கீழே ரோடு பொதுக்கென்றது.

மண்ணும் சல்லியும் நானுமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தோம். ஒரு சவுக்குக் கம்புக்கும் கல் மூட்டைக்கும் நடுவில் என் இடது கால் சிக்கிக்கொண்டது. அலை தலைக்கு மேலே போனது. எனக்கு நீச்சல் தெரியாது. கடலோர ரோட்டுக்கு மேஸ்திரி போடும்போது இலாகாவில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேலே மாப்பிள்ளை கையில் சோற்று உருண்டையோடு நின்றானாம். அவன் பெண்சாதிதான் பிறகு சொன்னாள். முதல் அலை போனது, நின்றான். இரண்டாவது அலை போனது, நின்றான். என் கை ஒரு தடவை வெளியே வந்துவிட்டு உள்ளே போனதாம். சோற்றைக் கீழே போட்டுவிட்டுக் குதித்துவிட்டான். இரண்டு அலை நின்றான் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தால் நான்கைந்து அலை பார்த்திருப்பேன்.

கம்பைப் பிடுங்கி, என்னை முடியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். நான் உப்புத் தண்ணீரைக் கக்கினேன். கண்ணைத் திறந்தபோது அவன் கழுத்து வரை நனைந்து உட்கார்ந்திருந்தான். அவள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடியிலிருந்த கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் ரெண்டே முடிச்சி," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உனுக்கு நீஞ்சத் தெர்யாதா மேஸ்திரி?"

தெரியாது என்றேன்.

"அப்பறம் இன்னாத்துக்கு கடலாண்ட வேலைக்கு வந்தே?"

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த நான்கு பேர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருத்தன் அப்போதே எழுந்து நாட்டார் வீட்டுப் பக்கம் நடந்தான்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மணலிலேயே, நனைந்த துணியோடு, மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அது கூண்டு இல்லை, கூடை. நான்தான் கட்டினேன். பஞ்சாயத்து அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன். சொல்லாமல் வந்துவிட்டேன். என்னை அடி என்றேன்.

"தெர்யும்," என்றான். "ராயபுரத்துல எத்தினி கூண்டு பாத்துகிறேன். ஒன்னுது மண்ணு கூடை. அடில ஓட்டை வேற கீது. அது தெரிஞ்சிதான கடலுக்குப் போனேன்."

பின்னே பஞ்சாயத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனாலும் கேட்டேன்.

"மாமனாரு தேங்கா ஒடச்சிட்டாரே," என்றான். "பத்து வர்சமா மனு போட்டு வந்த கூண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தாரு. அத்த கூடைன்னு சொன்னா ஊரு அவரப் பாத்து சிரிக்கும். நாப்பத்தெட்டு நாளு தானேன்னு வாய மூடிக்கினேன்."

அவள் கயிற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பஞ்சாயத்து அன்று அவனும் நானும் வாயை மூடினோம். அவன் மாமனாருக்காக மூடினான், நான் எனக்காக மூடினேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் பஞ்சாயத்து. நான் ஓவர்சியர் கொட்டகையிலிருந்து ரோட்டு வரைபடத்தை அவரிடம் கேட்காமல் எடுத்துச் சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போனேன். கேட்டால் தர மாட்டார். இந்தத் தடவை ஓரத்தில் நிற்கவில்லை. நடுவில் போய் உட்கார்ந்தேன்.

நாட்டார் அறுபது வயதுக்காரர், கறுத்து ஒல்லியாக இருப்பார், மெதுவாகப் பேசுவார். மருமகன் கடலில் இறங்கியதை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள், உயிரைக் காப்பாற்றத்தான் இறங்கினான், நல்ல காரியம்தான், ஆனால் கால் நனைந்தால் மறுபடியும் ஒன்று என்பது பேச்சு, அதை மாற்ற முடியாது என்றார். மகள் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள்.

நான் பேச அனுமதி கேட்டேன். அவன் கடலில் இறங்கவே இல்லை என்றேன்.

சிரிப்பு எழுந்தது. நான் வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்தேன். நீலக் காகிதம், வெள்ளைக் கோடு. அங்கே யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும். இந்த இரண்டு கோடும் ரோடு, இது பர்லாங் கல், நான் விழுந்தது இதோ இந்த இடம், இது ரோடு, இதைப் பழுது பார்க்கத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் தருகிறது, கடலைப் பழுது பார்க்க இல்லை என்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த நான்கு பேரில் ஒருத்தன், ரோடு என்றால் அதில் மீன் எப்படி வந்தது என்று கேட்டான். மீன் வரும், போகும், பஸ்ஸும் வரும், போகும் என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நாட்டார் எழுந்து வந்து காகிதத்துக்கு எதிரே குந்தினார். ரோட்டுக் கோட்டுக்குக் கிழக்கே விரலை வைத்தார். அங்கே மூன்று விரற்கடை வெற்று இடம், அதற்கு அப்பால் ஓரத்தில் எழுத்து. அந்த எழுத்து என்ன என்றார். கடல் என்றேன். இந்த வெற்று இடம் என்ன என்றார். தரை என்றேன்.

"இங்கதான் எங்க நைனா வூடு இருந்திச்சி," என்றார். "எனுக்கு அங்கதான் கண்ணாலம். அதுக்கு முன்னால ரெண்டு வரிச வூடு. எல்லாம் போயி எத்தினியோ வர்சம் ஆவுது. சர்க்காரு காயிதத்துல அத்த இன்னும் தரைன்னா போட்டுகீது?"

தரை என்றுதான் போட்டிருக்கிறது, கடல் என்று போடவில்லை என்றேன். அவர் விரலை எடுக்கவே இல்லை. கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் எழுந்து வந்து குனிந்து அந்த வெற்று இடத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் தன் வீடு எந்த இடம் என்று என்னிடம் கேட்டார். குத்துமதிப்பாக ஒரு இடத்தைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாட்டார் கற்பூரம் கொண்டுவரச் சொன்னார். என் எதிரே கொளுத்தி வைத்தார்கள். நான் விழுந்த இடம் சர்க்கார் காகிதத்தில் ரோடுதான், கடல் இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார். அடித்துச் சத்தியம் செய்தேன். கை சுட்டது.

"அவன் ரோட்டுல எறங்கி மேஸ்திரிய தூக்கிகிறான்," என்று நாட்டார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ரோட்டுல எறங்கக் கூடாதுன்னு நாம சொல்லல. நாளைக்கு நாப்பத்தெட்டு. கூட்டம் முடிஞ்சிது."

பின்னால் அவள் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை என் பக்கம் வரவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தான். காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். நாட்டார் என் கூடவே சைக்கிள் வரைக்கும் நடந்து வந்தார். அங்கே வேறு யாரும் இல்லை. வண்டியில் ஏறப் போன என் கையைப் பிடித்தார்.

"மண்ணு கூடைய," என்றார் மெதுவாக, "இனிமே அம்மாம் ஒசரத்துல கட்டாதே."

நான் தலையை ஆட்டினேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் திரும்பி நடந்தார்.

தைப்பூசத்தன்று மாப்பிள்ளைக்குப் பெரிய வலையில் பங்கு கிடைத்தது. அந்த வாரமே ரோலர் வந்து ரோட்டை ஓட்டியது, பஸ் போனது. வலை மூட்டை போட்ட இடம் இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது மழையில் அதுவும் போய்விட்டது. இலாகா ரோட்டை மேற்கே தள்ளி, உப்பளத்து ஓரமாகப் போட்டது. புது வரைபடம் வந்தது. அதில் பழைய ரோடு இருந்த இடம், நாட்டாருடைய அப்பா வீடு இருந்த இடம், நான் சத்தியம் செய்த இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடல் என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள். அதற்குள் நாட்டார் காலமாகிவிட்டார். அவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டிய நிலைமை எனக்கு வரவில்லை.

புது ரோட்டில் ஒருநாள் காலையில் சல்லி பரப்பிக்கொண்டிருந்தோம். கரைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கட்டுமரம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். மாப்பிள்ளை. எங்கே போகிறாய் என்று கத்திக் கேட்டேன்.

"ரோட்டு மேலதான் போய்கினு கீறேன், மேஸ்திரி," என்றான்.

அவன் இருந்த இடத்தைப் பர்லாங் கல்லை வைத்துக் கண்ணால் அளந்து பார்த்தேன். சரியாக ரோட்டின் மேல்தான் இருந்தான்.